சட்டைப்பையில் ஒரு சோப்பு டப்பா

உள்ளறையிலிருந்து “கூ…ஈ…” என்று அந்தக் கீச்சொலி கேட்டது. ஊசியால் காற்றைக் கீறியது போல ஒரு நொடி நீண்டு, பட்டென்று நின்றது.

அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மணியம்மாளின் முகம் மலர்ந்தது.

“கழட்டிட்டாரு எங்கண்ணன். இனிமே தாராளமா பேசலாம்.”

“மெதுவாவே பேசுங்க அத்தை” என்றாள் கமலவேணி, அடுப்பைப் பார்த்தபடி.

“எதுக்குடி மெதுவா? பக்கத்துல இடி விழுந்தாலும் ‘யாரும்மா கதவத் தட்டுறது’ன்னு கேக்குற மனுசன்.”

மணியம்மாள் ஆதிமூலத்தின் தங்கை. தவளக்குப்பத்திலிருந்து காலை பஸ்ஸில் கருவடிக்குப்பத்துக்கு வந்திறங்கியதிலிருந்தே அவள் வாயில் ஒரு செய்தி துடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் உள்ளே போகட்டும் என்று காத்திருந்தாள்.

ஆதிமூலத்துக்குக் காது கேட்காது. மகள் கமலவேணி தன் கையால் செய்துகொடுத்த ஒரு பெட்டி அவருடைய சட்டைப்பையில் இருக்கும். அதிலிருந்து ஒரு ஒயர் ஏறிக் காதுக்குள் போகும். காதுக் குமிழைக் கழற்றிப் பெட்டிக்கு அருகே கொண்டுவந்தால், குமிழில் வரும் சத்தத்தையே பெட்டி மறுபடி கேட்கும், கேட்டதைப் பெரிதாக்கும், பெரிதானதை மறுபடி கேட்கும். அந்தச் சுற்றல்தான் கீச்சொலி. உடனே அவர் சுவிட்சை அணைப்பார், ஒலி நிற்கும்.

வீட்டுக்கு யாராவது வந்து, பேச்சு தன் மகளோடுதான் என்று தெரிந்துவிட்டால் ஆதிமூலம் எழுந்து உள்ளே போய்விடுவார். போனதும் அந்தக் கீச்சொலி கேட்கும். ‘நான் கேட்கவில்லை, நீங்கள் பேசுங்கள்’ என்று அதற்கு அந்த வீட்டில் பொருள்.

“ரொலானோட அம்மா ஆள் அனுப்பி என்னக் கூப்ட்டாங்க” என்று தொடங்கினாள் மணியம்மாள். “அந்த இவோன் அம்மா இருக்காங்களே, நாற்காலியில உக்காரவெச்சு, குளிக்கிற சொம்பு கணக்கா ஒரு கோப்பையில காப்பி குடுத்தாங்கடி. அந்தப் பையனுக்குப் பிரான்சுல ஃபேக்டரி வேலை வந்துட்டுதாம். தை மாசம் கிளம்பணுமாம். ‘கமலவேணி வந்தாதான் போவேன், இல்லன்னா இந்தப் பாண்டிச்சேரியிலயே மைக் செட்டு டெஸ்ட் பண்ணிக்கிட்டுக் கெடக்குறேன்’னு ஒத்தக் கால்ல நிக்கிறானாம்.”

கமலவேணியின் கையிலிருந்த கரண்டி நின்றது.

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“அங்க மீன் குழம்பு கெடைக்குமான்னு கேட்டேன். அந்தம்மா சிரிக்கிறாங்க.” மணியம்மாள் கீரைக் காம்பை வீசினாள். “இருபத்தெட்டு முடியுது உனக்கு. வேதக்காரங்களா, மாதா கோயிலுக்குப் போறவங்களா இருந்தா இன்னாடி? தங்கமான பையன். வாயத் தொறந்து சரின்னு சொல்லு.”

“அப்பா?”

மணியம்மாள் கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தாள்.

“நான் வெச்சுக்குறேன்” என்றாள் மணியம்மாள், சற்றுத் தாமதித்து. அந்தத் தாமதத்தைக் கமலவேணி கவனித்துவிட்டாள்.

*

ஆதிமூலம் பிறவிச் செவிடர் அல்ல. நகரத்து மில் ஒன்றின் தறிக் கொட்டடி அவர் காதைத் தின்றது. நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே நேரத்தில் அடிக்கும் அந்த இடத்தில் எவனும் எவனோடும் குரலால் பேச முடியாது. உதட்டை அசைத்தால் போதும், எதிர்த் தறிக்காரன் படித்துக்கொள்வான். “முடிச்சு போடு”, “மேஸ்திரி வர்றான்”, “உன் மச்சான் செத்துட்டான்” எல்லாமே உதட்டில்தான். அப்படி உதட்டுப் பேச்சிலேயே வாழ்ந்ததால், தன் காது மெல்ல மெல்லப் போவது ஆதிமூலத்துக்கே தெரியவில்லை. ஒரு பொங்கலன்று மனைவி முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டு, கூப்பிட்டு, கடைசியில் அழுதுவிட்டாள். அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த மனைவி, லட்சுமி, மில்லில் ஆள் குறைப்பு நடந்த வருஷம் மஞ்சள் காமாலையில் விழுந்தாள். ஆதிமூலம் கட்டிலைவிட்டு நகரவில்லை. கடைசி நாள் மதியம் வைத்தியர் சொன்ன பச்சிலையைச் சன்னலோரம் நின்று ஆய்ந்துகொண்டிருந்தார். முகம் வெளிச்சத்தின் பக்கம், முதுகு கட்டிலின் பக்கம். கொல்லைப்புறத்தில் துணி அலசிக்கொண்டிருந்த கமலவேணியின் காதில் ஏதோ விழுந்தது. காற்றா, குரலா என்று தெரியாத ஒரு சத்தம். “தண்ணி…”

ஈரக்கையோடு ஓடிவந்தாள். சொம்பை வாயருகே கொண்டுபோனபோது தண்ணீர் கடைவாயில் வழிந்தது. உள்ளே போகவில்லை.

ஆதிமூலம் திரும்பிப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார், மகளின் கையிலிருந்த சொம்பைப் பார்த்தார்.

“ஏதாச்சும் கேட்டாளா? என்கிட்ட கேட்டாளா பாப்பா?”

“இல்லப்பா. ஒண்ணும் கேக்கல” என்றாள் மகள்.

அவர் நம்பவில்லை. அந்தச் சொம்பை அதற்குப் பிறகு அவர் தொட்டதில்லை. எத்தனை தாகமானாலும் கையைக் குவித்துக் குழாயில் குடிப்பார்.

கண்ணீருக்கு நடுவிலும் வயிறு பசிக்கத்தானே செய்கிறது! கமலவேணி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாண வீட்டு மைக் செட்டுக்கான ஆம்ப்ளிஃபயர்களும், கடற்கரைப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மணி அடிக்கும் கருவிகளும் அங்கே செய்தார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, அட்டையில் உள்ள துளைகளில் பாகங்களைச் சொருகி, ஈயம் உருக்கி ஒட்டுவார்கள்.

அந்தப் பாகங்களில் ஒன்று அவளுக்கு விளங்கவே இல்லை. மிளகாய் விதையைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக, மூன்று கால்களோடு இருக்கும். டிரான்சிஸ்டர். ரேடியோவைத்தான் டிரான்சிஸ்டர் என்று அவள் அதுவரை நினைத்திருந்தாள். மைக் செட்டிலும் அதுவே, தொட்டி மணியிலும் அதுவே. ஒன்று குரலைப் பெரிதாக்குகிறது, மற்றது மணியை அடிக்கிறது. ஒரே பூச்சி எப்படி இரண்டு வேலை செய்யும்?

முடிந்த அட்டைகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை ரொலானுக்கு. சோல்தா குடும்பம், அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். ஒல்லியாக, எப்போதும் சட்டைப்பையில் மூன்று நிறப் பேனாக்களோடு இருப்பான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவனிடமே கேட்டாள்.

“ரொலான் சார், இது உள்ள இன்னா இருக்குது?”

“மண்ணு” என்றான். அவள் முறைத்ததும் சிரித்தான். “நெசமாத்தான். மணல்லேருந்து எடுக்குற சிலிக்கான். சுத்தம் பண்ணி, துளியூண்டு வேற சரக்கு கலப்பாங்க. மூணு அடுக்கு. ஒரு கால்லேருந்து இன்னொரு காலுக்குக் கரண்ட் போகப் பாக்கும். நடு அடுக்கு விடாது. நடுக் காலுக்கு நாம துளி கரண்ட் குடுத்தா வழி தொறக்கும். துளிக்குத் துளி தொறக்கும். கொஞ்சம் குடுத்தா கொஞ்சம், ஏத்திக் குடுத்தா ஏத்தி. இங்க ஒரு பங்கு அசைஞ்சா அங்க நூறு பங்கு அசையும்.”

கமலவேணி யோசித்தாள். “எங்கப்பா தறியில ஒரு கைப்பிடி உண்டு. அதத் தள்ளினா பெல்ட் நகந்து தறி ஓடும். தள்றது அப்பா கை. ஆனா தறியை ஓட்டுறது அப்பா பலம் இல்ல, மேல சுத்துற மோட்டாரு.”

“அதேதான். நடுக் கால் கைப்பிடி, பேட்டரி மோட்டாரு. கைப்பிடிய முழுசாத் தள்ளி, முழுசா இழுத்தா ஓடும், நிக்கும். அது தொட்டி மணி. தண்ணி ஏறி ரெண்டு கம்பியையும் தொட்டா, தண்ணி வழியா நூலாட்டம் ஒரு கரண்ட் நடுக் காலுக்குப் போகும், மணி அடிக்கும். கைப்பிடிய ஓடுறப்பவே லேசா நடுங்கவிட்டா, அங்க பலமும் அதே மாதிரி நடுங்கும். அது மைக் செட். குரல்னா நடுக்கம்தான?”

“அப்போ எவ்ளோ சின்னக் குரலா இருந்தாலும்…?”

“ஒரு டிரான்சிஸ்டர் பத்தலன்னா அடுத்ததுகிட்ட குடுக்கணும். அது இன்னும் பெரிசாக்கும்.”

அவள் சாப்பிடாமல் எழுந்துவிட்டாள். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல் அவள் காதில் கேட்டது. “தண்ணி…”

சந்தையில் விற்ற காது மெஷினின் விலை அவர்களுக்கு எட்டாதது. முதலாளியிடம் அனுமதி வாங்கி, கம்பெனி கழித்த டிரான்சிஸ்டர்களில் பழுதில்லாதவற்றை ரொலான் பொறுக்கிக் கொடுத்தான். ஒரு சின்ன மைக், மூன்று டிரான்சிஸ்டர்கள், இரண்டு பேனா டார்ச் செல். அத்தனையும் ஒரு பச்சைச் சோப்பு டப்பாவுக்குள். ஈயம் வைக்கும்போது சூடு ஏறினால் டிரான்சிஸ்டர் செத்துவிடும்; காலைக் குறடால் பிடித்துக்கொண்டால் சூடு குறட்டுக்குள் இறங்கிவிடும். அவள் ஈயம் வைக்க, அவன் குறடு பிடித்தான். இரண்டு தலைகளும் அந்தச் சின்ன அட்டையின் மேல் குனிந்திருந்தன. அந்தப் பூச்சிக்குச் சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். தங்களுக்கு ஏறியதை இருவருமே கவனிக்கவில்லை.

முதல்முதலாகக் குமிழைக் காதில் வைத்தபோது ஆதிமூலம் திடுக்கிட்டார். “இன்னா பாப்பா இது, ஊரே இரையுது!”

காக்கை, குழாய்ச் சொட்டு, தெருவில் சைக்கிள் மணி, தன் சட்டை மார்பில் உரசும் சத்தம். எல்லாம் ஒரேயடியாக உள்ளே பாய்ந்தன. எது வேண்டும், எது வேண்டாம் என்று அந்த மூன்று கறுப்புப் பூச்சிகளுக்குத் தெரியாது. வந்ததையெல்லாம் பெரிதாக்கிக் கொடுக்கும்.

“அப்பா” என்றாள் கமலவேணி, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, மூச்சுக் காற்றைப் போல மெதுவாக.

அவர் திரும்பினார். உதட்டைப் பார்க்காமல், முதுகுப் பக்கமிருந்து வந்த ஒரு குரலுக்குத் திரும்பினார். பிறகு மகளின் இரண்டு கைகளையும் முகத்தில் வைத்துக்கொண்டு, மனைவி செத்த அன்றுகூட அழாத அழுகையை அழுதார்.

*

ஐப்பசி மழையில் ஆதிமூலத்துக்குக் காய்ச்சல் வந்தது. கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தெரிய, பாதி ஆளாகிவிட்டார். காய்ச்சல் விட்டும் எழுந்து நடமாடத் தெம்பில்லை. உள்ளறைக் கட்டிலிலேயே கிடந்தார், மார்பின் மேல் அந்தச் சோப்பு டப்பாவோடு.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொலான் வந்தான். முன்னறையில் உட்கார்ந்தார்கள். கீச்சொலி வரட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். சிறிது நேரத்தில் உள்ளே “கூ…ஈ…” என்று கேட்டது. நின்றது.

“அத்தை வந்து சொன்னாங்கதான?” என்றான் ரொலான். “தை மாசம் கிளம்பணும். பதில் வரலயே.”

“பதில் உங்களுக்கே தெரியும்.”

“உங்கப்பாவ விட்டுட்டு வரச் சொல்லல கமலா. அங்க போய் நெலச்சதும் கூப்ட்டுக்கலாம்.”

“அதுக்கு எத்தினி வருசம்? நடுவுல யாரு இருக்குறா? அத்தையா? போன வருசம் எனக்கு அம்மை போட்டப்போ அங்க கொண்டுபோய் விட்டேன். செல் தீந்துபோச்சுன்னு அவர் சொன்னது யாருக்கும் ஒரு பொருட்டா படல. பெட்டிய அரிசிப் பானையில போட்டுவெச்சுட்டாங்க. மனுசன் செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.”

“அப்போ நான் போகல. இங்கயே இருந்துடுறேன்.”

“இருந்துடுவீங்களா? மூணு தங்கச்சிங்க. உங்க சம்பளத்த நம்பி உங்கம்மா. பத்து வருசம் கழிச்சு என் மூஞ்சியப் பாத்து ‘உன்னாலதான்’னு நீங்க சொல்ல மாட்டீங்க. ஆனா நெனப்பீங்க. அத என்னால தாங்க முடியாது.”

அவன் தலை குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும், இத்தனை நாள் குறடு வைத்துப் பிடித்திருந்த அவள் மனசு கைநழுவிச் சூடேறியது.

“எனக்கு மட்டும் ஆசை இல்லியா? ராத்திரி பகலா உங்க நெனப்புதான். அங்க பனி பெய்யுமாமே, கையில புடிச்சா எப்படி இருக்கும்னுகூட நெனச்சுப் பாத்துட்டேன்! ஆனா எங்கப்பா இருக்குற வரைக்கும் எனக்குன்னு ஒண்ணும் கெடையாது. அந்த ஒயரு அவரு காதுல மாட்டுனதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன். இல்ல. அது என் கழுத்துல நானே மாட்டிக்கிட்ட கயிறு!”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளறையில் ஒரு சத்தமும் இல்லை. கேட்டிருக்காது, கீச்சொலிதான் வந்ததே. அந்த நிம்மதியில் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

*

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. தலையணையின் மேல் சோப்பு டப்பா, ஒயர் அழகாகச் சுற்றப்பட்டு. சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்து, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, ரிக்‌ஷா பிடித்துப் போயிருந்தார்: “தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அங்கதான் இனிமே.”

பெட்டி பழுதாகியிருக்க வேண்டும், அந்தக் கோபம் என்று கமலவேணி நினைத்தாள். அன்றே திறந்தாள். ஒவ்வொரு டிரான்சிஸ்டராகச் சோதித்தாள். மைக், செல், ஒயர் எல்லாம் சரியாக இருந்தன. தன் காதில் வைத்துப் பார்த்தாள். எதிர்வீட்டு ரேடியோவில் வாசித்த மாநிலச் செய்தி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.

பெட்டியை எடுத்துக்கொண்டு தவளக்குப்பத்துக்கு ஓடினாள். ஆதிமூலம் வாசலில் ஒரு ஸ்டூலில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“ஏன்பா வந்துட்டீங்க?”

அவர் அவள் உதட்டைப் பார்த்தார். “சும்மாத்தான். இங்க காத்தோட்டமா இருக்குது. தங்கச்சி நல்லாப் பாத்துக்குது.”

“பெட்டி இல்லாம எப்படி?”

“வாணாம்மா. ஒரே இரைச்சல். நீயே வெச்சுக்க.” கொஞ்சம் நிறுத்தி, வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்: “அந்தப் பையன் நல்ல பையன். தை மாசம்னு சொன்னான்ல? நீ கிளம்பு பாப்பா.”

கமலவேணிக்கு என்னவோ போலிருந்தது. ரொலான் தை மாதம் போகிறான் என்று அப்பாவிடம் யாருமே சொல்லவில்லையே!

“ஒரே ஒரு தடவ மாட்டிப் பாருங்கப்பா” என்று அவளே குமிழை எடுத்து அவர் காதில் வைத்தாள்.

“கூ…ஈ…”

குமிழ் அவர் காதுக்குள்தான் இருந்தது.

ஆதிமூலம் பழக்கத்தில் ஒரு விரலால் குமிழை அழுத்திப் பிடித்தார். கீச்சொலி நின்றது. “இப்போ கொஞ்ச நாளா இப்பிடித்தான் கத்துது. அழுத்திப் புடிச்சுக்கிட்டா நிக்கும்” என்றார்.

காய்ச்சலில் இளைத்த உடம்பு. காதும் இளைத்துவிட்டது. குமிழுக்கும் காதுக்கும் நடுவே விழுந்த இடைவெளி வழியாகச் சத்தம் கசிந்து, பெட்டிக்குத் திரும்பி, சுற்றிச் சுற்றி அலறியிருக்கிறது. கழற்றியதும் கீச்சிட்டு, அணைத்ததும் நிற்கும் அதே ஒலிதான். காதில் இருந்தபடியே தலை திரும்பினால் கீச்சிட்டு, விரலால் அழுத்தியதும் நிற்கிறது. அடுத்த அறையில் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்படியானால் அன்றைக்கு…

அன்றைக்கு அசதியில் குமிழைக் கழற்றாமலே கிடந்திருக்கிறார். மகளின் குரல் உடைவது காதில் விழுந்ததும் கழற்ற மனசு வரவில்லை. விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார். ‘என் கழுத்துல நானே மாட்டிக்கிட்ட கயிறு.’ நூறு பங்கு பெரிதாக! அவள் செய்துகொடுத்த பெட்டி, அவள் ஈயம் வைத்த மூன்று டிரான்சிஸ்டர்கள், அந்த வார்த்தையை ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன.

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று நின்றாள் கமலவேணி.

மன்னிப்புக் கேட்டால், அவர் கேட்டுவிட்டார் என்பது உறுதியாகிவிடும். அந்தக் கிழவர் தான் கேட்டதை மறைக்கத்தானே வீட்டைவிட்டே வந்திருக்கிறார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்குத் தெரிய உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள்:

“குமிழு லூசாயிடுச்சுப்பா. புதுசா அளவெடுத்துச் செஞ்சுடலாம். வீட்டுக்கு வாங்க. எனக்குத் தனியா இருக்க பயமா இருக்குது.”

அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் அவர் எழுந்தார்.

நகரத்தில் பல் செட் செய்கிற ஒருவர் அந்தக் காதுக்கு அச்சு எடுத்து, பல் செட்டுக்குப் போடுகிற அதே ரோஸ் நிறப் பொருளில் புதுக் குமிழ் வார்த்துக் கொடுத்தார். மணியம்மாள் பார்த்துவிட்டு, “இன்னாண்ணே, காதுல ஈறு மொளச்சிருக்குது? பல்லு எப்ப வரும்?” என்றாள். வெகு நாள் கழித்து ஆதிமூலம் சிரித்தார். கச்சிதமாகப் பொருந்தியது. தலையை எப்படித் திருப்பினாலும் கீச்சொலி இல்லை.

*

பயணத்துக்கு முந்தைய நாள் மாலை ரொலான் வந்தான். ஆதிமூலம் வழக்கம்போல எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

“இருங்கப்பா. இங்கயே உக்காருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள் கமலவேணி.

அப்பாவுக்கு முதுகைக் காட்டி, ரொலானுக்கு முகத்தைக் காட்டி நின்றுகொண்டாள். தறிக்காரரின் கண்ணுக்கு உதடு தெரியக் கூடாது. குரல் மட்டும் போய்ச் சேர வேண்டும்.

“நான் வரல” என்றாள். குரல் உறுதியாக இருந்தது. “அன்னிக்கு அப்பாவச் சாக்கு சொன்னேன். அது பொய்.”

ரொலான் விழித்தான்.

“மூஞ்சிக்கு நேரா வாணாம்னு சொல்ல மனசு வரல. அதனால அப்பா தலையில பழியப் போட்டேன். கயிறு அது இதுன்னு இன்னான்னாவோ பேசிட்டேன். நெசம் இன்னான்னா எனக்கே இஷ்டமில்ல. குளிரு ஊரு, பாஷை தெரியாத ஊரு. உங்க மேல ஆசை இருக்குன்னு நெனச்சேன். யோசிச்சுப் பாத்தா இல்ல. எங்கப்பாகூட இருக்குறதுதான் எனக்குச் சந்தோசம். அப்பாவுக்காக இல்ல, எனக்காகத்தான் இருக்கேன்.”

குரல் ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. ஆனால் அவள் கண்களிலிருந்து நீர் கன்னத்தில் இறங்கி, தாடையில் தொங்கி, ரவிக்கை மேல் சொட்டிக்கொண்டே இருந்தது. துடைத்தால் கை அசைவது பின்னாலிருந்து தெரிந்துவிடும். துடைக்கவில்லை.

ரொலான் அந்த முகத்தைப் பார்த்தான். தோளுக்கு மேலாக ஆதிமூலத்தைப் பார்த்தான். காதில் ரோஸ் நிறக் குமிழ். ஒயர். மார்பில் பெட்டி. கீச்சொலி வரவே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அன்று வந்த கீச்சொலியும் நினைவுக்கு வந்தது. ஆம்ப்ளிஃபயர் சோதிக்கிறவனுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவன் நிமிர்ந்து நின்றான்.

“நல்லதாப் போச்சு” என்றான், வேண்டுமென்றே சத்தமாக. “எனக்கும் இப்போ கொஞ்ச நாளா அப்பிடித்தான் தோணுச்சு. எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன்.”

சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மேசை மேல் வைத்தான். பஞ்சில் சுற்றிய டிரான்சிஸ்டர்கள். “நல்லதாப் பாத்து டெஸ்ட் பண்ணி வெச்சிருக்கேன். பெட்டிக்கு வேணும்.”

ஆதிமூலத்தின் முன்னால் போய் நின்று கைகூப்பினான். “போய்ட்டு வர்றேம்ப்பா.”

“நல்லாக் கேக்குதுப்பா” என்றார் ஆதிமூலம். அவர் கை பெட்டியின் சத்தம் கூட்டும் திருகைப் பிடித்திருந்தது. “எல்லாமே நல்லாக் கேக்குது.”

எதைச் சொல்கிறார்? மகளின் வார்த்தைகளையா? அவள் மூச்சை அடக்கி விழுங்கிய சத்தத்தையா? ரவிக்கையில் சொட்டிய கண்ணீருக்குக்கூட அந்தப் பெட்டியில் ஓர் ஓசை உண்டோ என்னவோ! கமலவேணி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்துகொள்ள அவளுக்குத் துணிவில்லை.

ரொலான் படியிறங்கினான். சைக்கிளை எடுத்தான். தெருமுனை வரை தள்ளிக்கொண்டே நடந்தான், ஏறவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

அவள் கதவைப் பிடித்தாள். அந்தப் பழைய கதவு சாத்தும்போது எப்போதும் ‘தடால்’ என்று அடிக்கும். அப்பாவின் காதில் அது பெரிதாகக் கேட்டுவிடுமே என்று, தன் விரல்களை நிலைக்கும் கதவுக்கும் நடுவில் கொடுத்து, அழுந்த அழுந்த மெல்ல உருவி, சத்தமே வராமல் சாத்தினாள்.